ராணியைக் கேட்டவர்

வெள்ளையடித்த பாதிச் சுவரை அப்படியே விட்டுவிட்டு, சிதம்பரத்திலிருந்து கடலூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அந்த ஒல்லி மனிதர்மேல் எரிச்சல் குறையவில்லை.

வெள்ளையடிக்கப் போன வீட்டில், பகடை உருட்டி ஆளுக்கொரு வேஷமாகப் பேசும் கதை விளையாட்டு நடந்தது. ஆள் குறைந்ததால் என்னையும் உட்காரவைத்தார்கள். கதையை நடத்தியவர் அவர்தான். எதைக் கேட்பதானாலும் முதலில் பகடையை உள்ளங்கையால் மூடிவிடுவார்.

ராணியாக ஆடிய டீச்சர் என்னிடம் பேசவேண்டும் என்பதற்காகவே ஆடினேன். சண்டை வந்தபோதெல்லாம் முந்திப் பாய்ந்த என் வீரன் கடைசியில் ராணியை மணந்தான். உடனே, "ராணி மாசமா இருக்கா" என்றேன்.

அவர் பகடையை மூடினார். "சண்டைல மாதிரி இதுலயும் அவசரமா அண்ணே? அத அவுங்கதான சொல்லணும். டீச்சர், ராணிக்குக் கொழந்த வேணுமா?"

"வேணாம்" என்ற டீச்சர் அவரைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார்.

கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு மட்டும் எப்படித் தோன்றியது?

மறுநாள் காலை நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் கரும்புக்கட்டைத் தூக்கும்போதும் அவர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.