கப்பல்துறையில் திறக்காத கதவு

காலை ஏழேகாலுக்குத் திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்தில் குளிர் லொறியின் பின்கதவைப் பூட்டினார்கள். உள்ளே எட்டுப் படகுகளின் சூரை மீன். பெட்டிகளுக்கு நடுவே, குளிரின் அளவை நிமிடத்துக்கு நிமிடம் பதிந்துகொண்டே போகும் விரலளவுக் கருவி ஒன்று. மீன் கடல் கடந்து போகும் வழியைப் பார்த்து எழுதவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நான், சாரதி நிமலனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். கட்டுநாயக்க விமான நிலையம் வரை இருநூற்று முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும்.

நிமலன் பாலையூற்றுக்காரர். நகரம் தாண்டியதும் அவராகவே சொன்னார். வழியில் கப்பல்துறை என்ற ஊரில் அவருடைய மாமனார் கந்தையா ஒவ்வொரு பயணத்திலும் பையோடு வீதியில் நிற்பாராம். பெண் கொடுத்தவரை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கு மனம் வரும்? போன மாதம் ஒரு மீனை எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தாமலே கால் மணிநேரம் கதைத்திருக்கிறார். கருவி அத்தனையையும் எழுதி வைத்துவிட்டது. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் மீனை மட்டும் பார்ப்பதில்லை, அது வந்த வழியையும் பார்க்கிறார்கள். முழு லொறி மீனும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் எட்டுப் படகுகளிடமும் இனி வாங்கமாட்டார்களாம். நிமலனுக்கும் வேலை இருக்காது.

ஏழே முக்காலுக்குக் கப்பல்துறை. கந்தையா பையோடு நின்றார். நிமலன் எஞ்சினை அணைக்காமல் இறங்கிப் போனார்.

"மாமா, இனி இதுக்குள்ளயிருந்து ஒண்டும் எடுக்க ஏலாது. போனமுறை நான் செய்தது பிழை."

"நான் ஒரு ஆள், கேட்டது ஒரு மீன். அதுக்கு இவ்வளவு கதையோ?"

"ஒரு மீன் இல்ல மாமா. எட்டுப் படகு."

கந்தையா நியாயம் கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் கோழை, மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹபரணையில் பால் விடாத பிளேன்ரீ இரண்டு, நூற்றிருபது ரூபாய். நிமலன் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டார்.

பகல் இரண்டு மணிக்குக் கட்டுநாயக்கவில் அதிகாரி ஒருவர் கருவியைக் கணினியில் செருகினார். திரையில், திருகோணமலையிலிருந்து அந்த வாசல் வரைக்கும் ஒரே கோடு. மேடுமில்லை, பள்ளமுமில்லை. அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த லொறிக்குப் போனார். அவருக்கு அவ்வளவுதான்; எனக்கோ கைதட்டவேண்டும் போலிருந்தது. எங்கள் கடல் மீனின் ருசி உலகத்துக்கு எப்போதோ தெரியும். எங்கள் ஆட்களின் ஒழுங்கையும் இனித் தெரிந்துகொள்ளட்டும்.

நிமலன் அந்தக் கோட்டைத் தாளில் அச்சடித்துத் தரும்படி கேட்டு வாங்கினார். எதற்கென்று கேட்டேன்.

"மாமாட்டக் குடுக்க."

எங்கள் பக்கத்தில் மாமனார் வீட்டுக்குப் போகிற மருமகன் மீன் கொண்டுபோவான், பழம் கொண்டுபோவான், ஒன்றுமில்லாவிட்டால் பிஸ்கற்றாவது கொண்டுபோவான். நேரான ஒரு கோட்டைக் கொண்டுபோகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். கந்தையா நல்ல இடம் பார்த்துத்தான் பெண் கொடுத்திருக்கிறார்.