என் கிடங்கு எனக்கே திறக்கவில்லை

நான் நாலாம் வகுப்பு வரைதான் போனேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் கடற்கரையில் மைனஸ் பதினெட்டில் நிற்கிற மூன்று குளிர் அறைகளைக் கட்டியவன் நான் என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்தவன். மஸ்கட்டில் ஒரு மீன் கம்பெனியில் கம்ப்ரசர் அறையின் தரையைத் துடைத்தவன். துடைத்துக்கொண்டே அந்த இயந்திரத்தின் சத்தத்தைப் பழகிக்கொண்டேன். இன்றைக்கும் முற்றத்தில் நின்று பல் தேய்க்கும்போதே காது கொடுத்து, எண்ணெய் குறைந்திருக்கிறது என்பேன். போய்ப் பார்த்தால் குறைந்துதான் இருக்கும்.

என் கிடங்கு வளர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மற்ற இடங்களில் சீட்டைக் கொடுத்து வாசலோடு நிறுத்திவிடுவார்கள். என்னிடம் மீன் வைத்தவர் எப்போது வந்தாலும் அறைக்குள் போகலாம், தன் பெட்டியைத் திறந்து கையால் தொட்டுப் பார்க்கலாம். ஒளிவு மறைவு இல்லாத கிடங்கு என்று கடற்கரை முழுக்கப் பேர். அந்தப் பேரை வைத்துத்தான் ஓர் அறை மூன்று அறையானது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆபீஸ் அறையில் சர்வர் என்று ஒரு பெட்டி. எந்த அறையில் எவ்வளவு குளிர் என்று அது எழுதி வைக்கும், கம்ப்ரசரை அதுவே ஓட்டும், நிறுத்தும். வெளியூரிலிருந்து வந்து அதை மாட்டியவரிடம், நான் எங்கே இருந்தாலும் போனில் இதைத் திறக்க வேண்டும், இடையில் எந்தத் தடையும் கூடாது என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து நான் போனை எடுத்தால் இலையில் சோறு விழுவதற்குள் திறக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். திறந்து கொடுத்துவிட்டுப் போனார். சர்வரின் திரையை அப்படியே போனில் கொண்டுவர ஒரு வழி. பெட்டிக்குப் பின்பக்கம், அது அணைந்து கிடந்தாலும் தூரத்திலிருந்து எழுப்புவதற்கு இன்னொரு சின்ன வழி. இரண்டும் நேரே இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்திருந்தன.

படகுக்காரர்கள் விடுவார்களா? எங்களுக்கும் காட்டும் என்றார்கள். அறைக்குள் விட்டவன் இதில் விடாமல் இருப்பேனா? எல்லாருக்கும் கொடுத்தேன். அவர்கள் துபாயிலும் தோஹாவிலும் இருக்கிற தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கடவுச்சொல்லை யாரும் மறந்துவிடக் கூடாது என்று என் பழைய படகின் பேரையே வைத்திருந்தேன். அந்தப் பேர் படகின் முகப்பில், ஒரு முழம் உயரச் சிவப்பு எழுத்தில் இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்த சமயம். கடலுக்குப் போக முடியாத அந்த நாட்களில் விலை ஏறும்போது விற்கலாம் என்று கணவாயும் இறாலுமாக மூன்று அறைகளையும் நிரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் கரையில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவது அந்த அறைகளை நம்பித்தான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். முதல் உருண்டையை வாயில் வைக்கும்போது கம்ப்ரசர் சத்தம் நின்றது. வழக்கமாக நின்று ஓடுகிற நிற்பு இல்லை, கழுத்தைப் பிடித்து நிறுத்தியது போல. கை கழுவாமல் ஓடினேன். ஆபீஸில் யாரும் இல்லை. மவுஸ் மேசையில் சும்மா கிடந்தது. திரையில் அம்பு மட்டும் தானாக நகர்ந்து, ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டிருந்தது.

கடலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இரணியல் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பவள். அவளைக் கூப்பிட்டேன். நான் பாதி சொல்வதற்குள் ஒரே வரியில் முடித்தாள்.

"அண்ணாச்சி, இன்டர்நெட் வயரப் பிடிச்சு இழுங்க. கரண்ட அணைக்காண்டாம், வயர மட்டும் இழுங்க. நா வாரேன்."

இழுத்தேன். அம்பு நின்றது. அடுத்து நான் செய்ததை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கம்ப்ரசரைக் கையால் இயக்குகிற முறைக்கு மாற்றி, அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்து நானே ஓட்டினேன். படித்த பிள்ளைகள் பலருக்கு அது வராது. அவள் ஸ்கூட்டரில் வந்து சேரும்போது மூன்றாம் அறையில் ஒரு டிகிரிதான் ஏறியிருந்தது.

அதற்குள் நான் இன்னொன்றும் செய்திருந்தேன். போன மாதம் பெட்டி வைக்க இடம் போதவில்லை என்று என்னோடு வாய்த்தகராறு செய்த ஒரு விசைப்படகுக்காரர் உண்டு. அவர் வேலைதான் இது என்று போனில் கண்டபடி பேசிவிட்டேன். அவர் நேரே கிளம்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு கம்ப்ரசர் அறை வாசலில் நின்றார்.

"மொதலாளி, என் கணவாயும் உள்ளதானே கெடக்கு. எனக்க மீனுக்கு நானே தீ வைப்பனா?"

அந்தப் பெண்தான் எங்கள் இருவரையும் ஆபீஸுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தாள். திரையில் வரி வரியாக ஓடியது. கீழே தள்ளத் தள்ள வரிகள் தீரவே இல்லை.

"இதெல்லாம் உங்க கதவத் தட்டுனது. நேத்து இன்னைக்கு இல்ல, தொறந்து வச்ச அன்னைக்கே தொடங்கியாச்சு," என்றாள். "இவிய யாரும் காரணமில்ல அண்ணாச்சி."

"அவனுவளுக்கு என் கிடங்கு எப்படி மக்ளே தெரியும்?"

"தெரியாது. உங்களயும் தெரியாது, மீனயும் தெரியாது. ரோட்டப் பாத்து எங்கெல்லாம் கதவு இருக்கோ, ஒண்ணொண்ணா தட்டிட்டே போவும். பாதி நேரம் ஆளுகூட கெடையாது, மெஷினாக்கும். உங்க கதவு தொறந்துச்சு, ஆளு உள்ள ஏறியாச்சு."

உள்ளே வந்தவன் தனக்கு வேண்டிய புரோகிராமை ஏற்றுவதற்காக, ஓடிக்கொண்டிருந்ததை எல்லாம் மூடியிருக்கிறான். அதில் கம்ப்ரசரை ஓட்டுகிற புரோகிராமும் போய்விட்டது. அவ்வளவுதான் காரியம். எனக்கு அதுதான் தாங்கவில்லை. எதிரி ஒருவன் திட்டம் போட்டுக் கெடுத்தால் அதில் எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. இவனுக்கு நான் யார் என்றே தெரியாது. படகுக்காரர் சிரித்துவிட்டார். அவருக்கு டீ வரவழைத்தேன். நான் மன்னிப்புக் கேட்டதாக அவர் வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மறுக்கவில்லை.

சர்வரைத் துடைத்து, பழைய நகலிலிருந்து திரும்ப எழுப்ப அவளுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பகலில் நான், இரவில் என் சூப்பர்வைசர் என்று முறை போட்டு முள்ளைப் பார்த்து ஓட்டினோம். அவள் வேலை செய்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொழில் தெரிந்தவன் கையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். முதலில் கடவுச்சொல்லைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதத் தயாராகி, உள்ளே யார் யார் வர வேண்டும் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல தாள் நிறைந்தது.

"இவிய எல்லாரும் கம்ப்ரசர ஓட்டவா போறாங்க?"

"இல்ல, பாக்கதுக்கு."

"பாக்கது வேற, ஓட்டது வேற அண்ணாச்சி. ஒங்க கிடங்குல மீன் வச்சவிய பெட்டியத் தொட்டுப் பாப்பாங்க. கம்ப்ரசர் ரூமுக்குள்ள விடுவியளா?"

விட்டதில்லை. முப்பது வருடமாக ஒருவரையும் விட்டதில்லை. என் கிடங்கின் வழக்கத்தை எனக்கே எடுத்துச் சொல்லிவிட்டாள். என்னை அப்படி மடக்கியவர்கள் அதிகம் பேர் இல்லை.

படகுக்காரர்களுக்காகத் தனியாக ஒரு பக்கம் செய்தாள். உள்ளிருந்து குளிர்க் கணக்கு மட்டும் வெளியே போய் அதில் விழும். அதன் வழியாக உள்ளே ஒரு விரல்கூட நுழையாது. ஓட்டுவதற்கான வழியை ரோட்டிலிருந்தே எடுத்துவிட்டாள். விபிஎன் என்று ஒரு ரகசியப் பாதை, அதற்குள் தெரிந்த கருவி மட்டும்தான் வரும், வந்தாலும் போனில் விழுகிற எண்ணைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் சர்வரின் வாசல். பின்பக்கத்துச் சின்ன வழி இருக்கிறதே, அதைத் தனி வயரில் போட்டு ஆபீஸுக்குள்ளேயே முடித்துவிட்டாள். இன்டர்நெட்டின் வாடையே அதற்குக் கிடையாது. கடவுச்சொல்லையும் மாற்றினாள். படகை வந்து பார்த்துவிட்டு, நல்ல பேருதான், படகுலயே இருக்கட்டும் என்றாள்.

தாளில் கடைசியாக இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். அவளும் சூப்பர்வைசரும்.

"அப்போ நான்?" என்று கேட்டேன்.

"நீங்க மொதலாளி. நீங்க பாத்தாப் போரும்."

என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டின வீட்டுலயே சாவி இல்லாத ஆளாயிட்டீங்க என்று சிரித்தாள். ஏட்டி, உனக்கு இதெல்லாம் மனசிலாகாது என்றேன். உள்ளுக்குள் குத்தியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்தேன். அன்றைக்கு அறைகளைக் காப்பாற்றியது என் காதும் என் கையும். போனில் நான் திறந்து காட்டிய திரை ஒரு பெட்டி மீனைக்கூடக் காப்பாற்றவில்லை.

எல்லாம் முடிந்தது என்று டீ கொடுத்தால் அந்தப் பெண் வாங்கவில்லை. வெளியே ரோட்டுக்குப் போய், தன் போனிலிருந்து பழைய வழிகள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்து பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பூட்டியதாகத்தான் தோன்றும், வெளியே நின்று தள்ளிப் பார்க்க வேண்டும் என்றாள். நல்ல வெயில். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எந்த மொதலாளி அப்படி நிற்பான்? ஒன்றும் திறக்கவில்லை. பிறகுதான் டீ குடித்தாள். இன்றும் மாதம் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வெளியிலிருந்து தட்டிப் பார்க்கிறாள். ஒரு தடவை இன்டர்நெட்காரர்கள் பழைய ரூட்டரை எடுத்துப் புதியதை மாட்டிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு வழி திறந்து கிடந்ததை அவள் வீட்டிலிருந்தே கண்டுபிடித்து, நான் கேள்விப்படுவதற்கு முன்பே அடைத்துவிட்டாள்.

அந்தத் தடைக்காலம் முடிந்து அறைகளைத் திறந்தபோது கணவாய் கல் போல இருந்தது. அந்த விசைப்படகுக்காரர் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிக் காட்டினார்.

அதற்கடுத்த மாதம் ஆரல்வாய்மொழியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் எதிர் இலைக்காரர், உம்ம கிடங்கை ஒருதடவை காட்டும் என்றார். பழைய பழக்கத்தில் கை பழைய முகவரிக்கே போய்விட்டது. சக்கரம் சுற்றியது. இலையில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன, திறக்கலியா?" என்று என் மனைவி பக்கத்து இலையிலிருந்து கேட்டாள்.

போனைத் திருப்பிப் பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினேன். கட்டின எனக்கே திறக்காதுவே, பாத்துக்கிடும் என்றேன். அப்புறம் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கி நிம்மதியாகச் சாப்பிட்டேன்.