இடப்பக்கம் எறிந்த செல்வி

“வலை கட்டின கம்ப வச்சு மீனா பிடிக்கப் போற?” வலைமட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ரோஸ் விளையாட்டுக்குப் பயிற்சியாளராகப் படிக்கப்போகிறேன் என்றதும் பெரியப்பா இப்படித்தான் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அவருக்குக் காட்டவேண்டும் என்றே ஒவ்வொரு பயிற்சியையும் நோட்டில் நிமிடக் கணக்கில் எழுதிவைக்கிறேன்.

நாளை திருச்செந்தூரில் என் அணிப் பிள்ளைகளுக்குப் போட்டி. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வேன் டயர் பஞ்சராகிவிடுகிறது. டிரைவர் டயர் மாற்றும் நேரத்தில், அறுவடை முடிந்த வயலில் பிள்ளைகளை வலைமட்டையும் பந்துமாக இறக்குகிறேன். “வலப்பக்கம் எறி!” என்று நோட்டைப் பார்த்துக் கத்துகிறேன். செல்வி இடப்பக்கம் எறிகிறாள். ஆட்டத்தை நிறுத்தி அவளை வரப்பில் உட்காரவைக்கிறேன். நாளை ஆடுவோர் பட்டியலில் அவள் பெயரையும் எல்லோர் முன்னாலும் அடித்துவிடுகிறேன்.

சாலையோரம் நுங்கு வெட்டும் அக்கா அரிவாளைக் கீழே வைக்கிறார். “ஏன் பிள்ளைய உக்கார வச்சிட்டிய?”

“சொன்ன பேச்சக் கேக்கலக்கா.”

“வலப்பக்கம் ரெண்டு பேரு மறிச்சுல்லா நிக்காளுவ! அங்கன எறிஞ்சா பந்து போயிரும்லா? அவ ஆளப் பாத்து எறியுதா. நீங்க நோட்டப் பாத்து கத்துதிய.”

பிள்ளைகள் சிரிப்பை அடக்குகிறார்கள். செல்வி மட்டும் குனிந்து புல்லைப் பிய்க்கிறாள். எனக்கு முகம் எரிகிறது. நான் எழுதிய ஒரு நிமிடத்திலும் அவர்களாக யோசிக்க இடமே இல்லை.

எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, பெயரை மறுபடி எழுதிவிட்டேன். மூன்று பேர் தாக்க, இரண்டு பேர் தடுக்கும் ஆட்டத்தையும் தொடங்கிவிட்டேன். பந்து செல்வியிடம் இருக்கிறது. எங்கே எறிவது என்று நான் சொல்லவில்லை.