ஒரே ஒரு கண்ணாடி விரியனுக்கு அனுமதி

இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குச் சற்றுத் தள்ளி, பாம்பு விஷம் எடுக்கும் ஒரு சிறிய மையத்தில் எழுத்தராக இருந்தேன். பாம்புக்கடி மருந்து செய்கிற கம்பெனிகளுக்கு இங்கிருந்து விஷம் போகும். எனக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் 'ஆபீஸ் வேலை' என்று மட்டும் சொல்லிவைத்தார்கள்.

பாம்பு பிடிப்பது என் வேலையில்லை. பாம்பு பிடிக்க அனுமதி வாங்குவதுதான் என் வேலை. இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். வருடத்துக்கு இத்தனை நல்ல பாம்பு, இத்தனை கட்டுவிரியன் என்று வனத்துறையிலிருந்து தாள் வரும். பிடித்ததை மண்பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விட வேண்டும். பிடிக்கிற இருளர்களுக்குப் புகைப்படம் ஒட்டிய அட்டை உண்டு. அட்டை இருந்தால் தொழிலாளி. இல்லாவிட்டால் அதே ஆள், அதே பையோடு, குற்றவாளி.

எங்களிடம் இருந்தவர்களில் கெட்டிக்காரர் ஒரு அக்கா. மண்ணில் இருக்கும் தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருட அனுமதி முடிய ஒரு வாரம்தான். எண்ணிக்கையில் ஒரே ஒரு கண்ணாடி விரியன் பாக்கி. அதை முடிக்காவிட்டால் அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. யாரும் அப்படிச் சொன்னதில்லை. அக்காவை நச்சரித்து, ஒரு ரோலிங் மில்லுக்குப் பின்னால் இருந்த கருவேலங்காட்டுக்குக் கூடவே போனேன். கடப்பாரையால் ஓர் எலிவளையை இரண்டு தட்டுத் தட்டினார். குக்கர் மாதிரி சீறிக்கொண்டு நல்ல தடித்த விரியன் ஒன்று வந்தது. கொக்கியால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே விட்டார்.

"வாணாம் சார். வவுத்துல புள்ளைங்களோட கீது. உட்டுர்லாம்."

"எப்படிக்கா தெரியும்? ஸ்கேன் எடுத்தியா?"

"இதுக்கு இன்னாத்துக்கு சார் ஸ்கேனு? பாத்தாலே தெரியல? நாங்க புள்ளத்தாச்சியத் தொட மாட்டோம்."

"பர்மிட்ல விரியன்னுதான் போட்டுக்கீது. புள்ளத்தாச்சிக்குத் தனியா கட்டம் இல்ல. புடிக்கா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிடித்துப் பையில் விட்டார். மையம் வந்து சேர்ந்ததும் நான் பதிவேட்டில் 'கண்ணாடி விரியன் - 1' என்று எழுதி, அடியில் கோடு வேறு போட்டேன்.

ஐந்தாம் நாள் காலை, பானையின் வாயில் கட்டிய துணியை அவிழ்த்த அக்கா, "சார், வந்து பாரு" என்றார். எட்டிப் பார்த்தேன். தாய் ஓரமாகச் சுருண்டிருந்தது. மீதி இடமெல்லாம் குட்டிகள்; விரியன் முட்டையிடாது, குட்டிதான் போடும். அக்கா கொக்கியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார். இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் ஒரு ஜாண் நீளம். ஒவ்வொன்றுக்கும் விஷம் உண்டு. எங்களுக்கு அனுமதி இருந்தது ஒன்றுக்கு.

அப்போதுதான் அனுமதித் தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதைப் பார்த்தேன். பதினோராவது நிபந்தனை: கருவுற்ற பாம்புகளைப் பிடிக்கக் கூடாது. பன்னிரண்டாவது: பாம்புகளை இனப்பெருக்கம் செய்விக்கக் கூடாது. மீறிப் பிடிப்பவரின் அட்டை புதுப்பிக்கப்படாது. சத்தமில்லாமல் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றால், விடுவதற்கும் வனச்சரகர் கையெழுத்து வேண்டும். அவர் அன்றைக்குத்தான் சோதனைக்கு வருவதாக இருந்தது. வந்தார்.

"இன்னாய்யா, புடிக்கிறதுக்கு பர்மிட் வாங்கிக்கினு பண்ணை வெச்சி நடத்துறியா? புடிச்சது யாரு?"

நான் பதிவேட்டைப் புரட்டினேன். அக்கா முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றார். வனச்சரகர் அவருடைய அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நடந்தத எழுதிக் குடுங்க. அத்தப் பாத்துட்டுதான் இது உண்டா இல்லையான்னு சொல்லுவேன்."

அக்காவுக்காக நானே எழுதினேன். 'பிடிக்கும்போது அது கருவுற்றிருந்தது எனக்குத் தெரியாது.' நல்ல யோசனை என்றே நினைத்தேன். அவரும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். மைப்பெட்டியைத் திறந்து அக்கா முன் வைத்தேன்.

"இன்னா எழுதிக்கீற, படி."

படித்தேன். கட்டைவிரலை மையில் வைக்காமலே இருந்தார்.

"இத்த மாத்து."

"அக்கா, இப்படிப் போட்டாத்தான் அட்ட திரும்பக் கெடைக்கும். தெரிஞ்சே புடிச்சன்னா கேசாயிடும்."

"தெரியாதுன்னு நான் கை வெக்க மாட்டேன். விரியன் வவுறு தெரியாதவளுக்கு அட்ட எதுக்கு? எனக்குத் தெரிஞ்சிச்சி. சொன்னேன். நீதான் புடின்ன."

எனக்கு வந்தது முதலில் கோபம்தான். என் வேலைக்கு உலை வைக்கிறாரே என்ற கோபம். அது வடிந்தபோது மிஞ்சிய வெட்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். அவருக்குத் தெரியும், சொன்னார், மறுத்தார். நிபந்தனையைப் படிக்காத நான்தான் பிடிக்க வைத்தேன். அதைப் படித்துக் காட்டிய பிறகு, கேட்காமலே விரலை மையில் ஒற்றி அழுத்தமாக வைத்தார். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வனச்சரகர் இரண்டு முறை படித்தார். அட்டையை எடுத்து அக்காவிடம் நீட்டினார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அன்று மாலையே தாயையும் இருபத்தெட்டையும் அவர் முன்னிலையில் விட்டோம்.

அக்காவின் அட்டை புதுப்பிக்கப்பட்டது. எனக்கு அட்டை எதுவும் இல்லாததால் வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு, கருவேலங்காட்டுக்கு முன்னால் இருந்த அதே ரோலிங் மில்லில், லாரி எடை போடும் இடத்தில் சேர்ந்தேன். அடுத்த மழைக்கு இரும்புக் கழிவுக் குவியலில் நல்ல பாம்பு ஒன்று வந்துவிட, மில்லிலிருந்து மையத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தது அக்கா. எதையோ தேடுகிற மாதிரி தகரங்களை நகர்த்தி, ஒரு நிமிடத்தில் பிடித்துப் பையைக் கட்டினார். பிறகு இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். எங்கே, என்ன பாம்பு என்று எழுதி, மில் சார்பில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அவரைப் பார்த்த சந்தோஷம். விறுவிறுவென்று எழுதிவிட்டுப் பேனாவை அடிக்குக் கொண்டுபோனேன்.

அக்கா தாளின் மேல் கையை வைத்தார்.

"பின்னாடியும் படிச்சிட்டுப் போடு சார். நான் இருக்கறேன்."

பாம்புப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் தாளைத் திருப்பினேன்.