நீலச்சட்டைக்காரன் படமும் அழிந்துபோன முப்பத்துமூன்று நிமிடமும்

கேசட்டை மெஷினில் தள்ளி, பிளே பட்டனை அமுக்கினேன். திரையில் கடல் வர வேண்டும். கடலுக்குப் பதிலாக ஒரு வீட்டு முற்றமும் தார்ப்பாய்ப் பந்தலும் வாடகை நாற்காலிகளும் வந்தன. பின்னால் சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டு கேட்டது. நாசமாய்ப் போச்சு என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்தொன்பது பேர் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்த கேசட் அது.

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலையில் சதாசிவன் அண்ணனின் வீடியோ லைப்ரரியில் எனக்கு வேலை. அப்போதே எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, கைக்குழந்தையும் உண்டு. இப்போது போனில் விரலால் தள்ளிப் படம் பார்க்கிற பிள்ளைகளுக்கு, வாடகைக்குக் கேசட் கொடுக்கிற வேலை எப்படி மனுஷனைப் பைத்தியமாக்கும் என்று சொன்னால் புரியாது. கேசட்டை ரீவைண்ட் செய்து தாருங்கள் என்று சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருந்தோம். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் இரண்டையும் மதிக்கவில்லை. ஒருத்தர் கேசட்டில் பலாப்பழப் பிசின் ஒட்டியிருக்கும். இன்னொருத்தர் உள்ளே எறும்போடு கொண்டுவருவார். கேட்டால், அது எடுக்கும்போதே இருந்தது என்பார்கள்.

1. டிரஸ் போடாத நாயகன்

அந்தப் படம் திருவனந்தபுரத்தில் ஒரு வாரம் ஓடிவிட்டுப் போன இங்கிலீஷ் படம். கடலுக்கடியில் கம்பிவடம் பொருத்தப் போகிற வெல்டர் ஒருவனுக்கு உடம்பில் மின்சாரம் ஏறிவிடுகிறது. பிறகு அவன் நீலச்சட்டை போட்டுக்கொண்டு கெட்டவர்களை அடிக்கிறான். படத்தின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லாரும் நீலச்சட்டைக்காரன் படம் என்றார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து அதன் ஒரிஜினல் கேசட் வெளியான அன்றே அண்ணன் போய் ஒன்று வாங்கிவந்தார். எங்களுக்கு ஒன்றுதான் கிடைத்தது. நெய்யாற்றின்கரையில் இருந்த கடைக்கும் ஒன்றுதான்.

முதல் நாளே தொல்லை தொடங்கியது. எடுத்துக்கொண்டு போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, இது வேறு படம் என்றார். இல்லை, இதுதான் என்றேன். அப்படியானால் நீலச்சட்டை எங்கே என்றார். விஷயம் என்னவென்றால், அவன் யார், எங்கே பிறந்தான், சக்தி எப்படி வந்தது என்று படம் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போகும். அவன் டிரஸ் போடுவது நாற்பத்தொன்றாவது நிமிடத்தில்தான். அதுவரை வீட்டில் அழுவான், வேலைக்குப் போவான், ஆஸ்பத்திரியில் கிடப்பான். அதற்கென்று யாராவது கேசட் எடுப்பார்களா?

கடைசியில் நானே கேசட்டை நாற்பத்தொன்றாவது நிமிடத்துக்கு ஓட்டிவைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். வாங்கிப் போனவர்களும் பார்த்து முடித்து அதே இடத்துக்கு ரீவைண்ட் செய்து தந்தார்கள். வேறு எந்தக் கேசட்டுக்கும் செய்யாத மரியாதை அது. அந்த முதல் நாற்பத்தொரு நிமிடத்தை எங்கள் மெம்பர்களில் ஒருவர்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இதனால்தான்.

2. செல்லோடேப்

முற்றத்தில் பந்தல் வந்ததே, அந்தக் கேசட்டைக் கடைசியாக எடுத்தவர் ரோஸ்லெட் அக்கா. பக்கத்து மிஷன் பள்ளியில் டீச்சர். அவர் கணவர் வில்சன் மஸ்கட்டில் வேலையாக இருந்தார். அக்கா பிள்ளைகளுக்காகப் படத்தை எடுத்துப் போன அன்றைக்கே அவருடைய மாமனார், வில்சனின் அப்பா, நெஞ்சுவலி வந்து தவறிவிட்டார். மறுநாள் அடக்கம். அன்றைக்கே கேரளாவில் கடையடைப்பு, பந்த். பஸ் இல்லை, கடை இல்லை, ரோட்டில் கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். வில்சனுக்கு லீவு கிடைக்கவில்லை, பாஸ்போர்ட் கம்பெனி கையில்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ சாவோ, வெளிநாட்டில் இருக்கிறவனுக்காக வீடியோ எடுத்து அனுப்புவார்கள். வில்சன் போன லீவில் கொண்டுவந்த, பெரிய கேசட்டையே உள்ளே போட்டு எடுக்கிற கேமரா வீட்டில் இருந்தது. காலிக் கேசட்தான் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கு ஒரு நடை போனால் கிடைக்கும், ஆனால் அன்றைக்கு யார் போவது? வீட்டில் இருந்த ஒரே கேசட் எங்களுடையது.

ஒரிஜினல் கேசட்டின் முதுகில் சின்னப் பிளாஸ்டிக் பல் ஒன்று உடைந்தே வரும். பல் இல்லாவிட்டால் மெஷின் அதில் எதையும் பதியாது. அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டால் பதியும். அக்காவின் தம்பி அதைத்தான் செய்து, கேசட்டை முதலுக்கு ரீவைண்ட் செய்து பதிந்திருக்கிறார். அடக்கம் முடிந்ததும் எங்களிடம் சொல்லி, வேறு கேசட் வாங்கித் தந்து சமாதானம் செய்யலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அதற்குள் வீட்டைக் கூட்டிப்பெருக்க வந்த பக்கத்து வீட்டம்மா, எங்கள் ஸ்டிக்கரைப் பார்த்து, சாவு வீட்டுக்காரர்கள் இதற்கும் ஓட வேண்டாமே என்று நல்ல மனசோடு கொண்டுவந்து தந்துவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, கேசட்டில் சவ அடக்கம் இருக்கிறது என்பது மட்டும். ஃபாஸ்ட் ஃபார்வேர்டில் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஆட்கள் எறும்பு மாதிரி ஓடினார்கள், பெட்டி வந்தது, சர்ச் வந்தது, கல்லறைத் தோட்டம் வந்தது. நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் நீலச்சட்டைக்காரன் வந்து நின்றான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாவு வீடு என்று தெரியும், யார் வீடு என்று ரிஜிஸ்தரிலேயே இருந்தது. இருந்தும் பாவம் என்று தோன்றவில்லை. இவர்களுக்கு எங்கள் கேசட்தான் கிடைத்ததா என்றுதான் தோன்றியது. அண்ணனிடம் சொன்னேன். அவர் நெய்யாற்றின்கரைக் கடையில் பேசி, அவர்களுடைய கேசட்டை மத்தியானம்வரை வாங்கித் தந்தார்.

"அவங்க வேற காப்பி எடுத்திருப்பாங்கல்லா. கேட்டுட்டுப் படத்த ஏத்துலே" என்றார் அண்ணன்.

நான் கேட்கவில்லை. அக்காவின் வீடு கடையிலிருந்து பத்து நிமிட நடை. பின்னால் ரேக்கில் புதுக் காலிக் கேசட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து அந்த அடக்கத்தைப் பதிந்து வைத்திருக்கலாம். மத்தியானத்துக்குள் முடியாதே என்ற அவசரம். ஓட்டையில் செல்லோடேப் ஏற்கெனவே ஒட்டியிருந்தது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. அவர்களுடைய கேசட்டை ஒரு மெஷினிலும் எங்களுடையதை இன்னொன்றிலும் போட்டு ரெக்கார்டிங் ஆரம்பித்தேன்.

3. எட்டு நிமிடம்

முப்பத்துமூன்று நிமிடம் ஆகியிருந்தபோது ரோஸ்லெட் அக்கா ஓடிவந்தார். செருப்பு மாறிப் போட்டிருந்தார்.

"தம்பி, அந்தக் கேசட்ட தாங்க. அதுல மாமாக்க அடக்கம் உண்டு. வேற காப்பி இல்ல."

நான் ஸ்டாப்பை அமுக்கினேன். அவசரத்தில் முதலில் பாஸை அமுக்கி, பிறகுதான் ஸ்டாப். அக்கா திரையைப் பார்த்தார். வெல்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான்.

"எவ்வளவு போச்சு?"

சொன்னேன். மீதி எட்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். பெட்டி மூடியிருந்தது. குழிக்குள் இறக்கினார்கள், மண் போட்டார்கள், உபதேசியார் ஜெபம் செய்தார். வீட்டில் பெட்டிக்குள் வைத்திருந்ததும் ஒவ்வொருத்தராக முகம் பார்த்ததும் முன்னால் இருந்தன. அதெல்லாம் போய்விட்டது. வில்சன் தன் அப்பாவைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"மொகம் இல்லியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அண்ணன்தான் என்னைத் திட்டினார், அக்காவுக்கு முன்னாலேயே, வாயில் வந்தபடி. பிறகு கேசட்டை உறையில் போட்டு அக்காவிடம் கொடுத்து, இது இனி உங்களுடையதாக்கும் என்றார்.

எங்கள் கடையை ஒட்டி ஐ.எஸ்.டி. பூத் இருந்தது. அக்கா அங்கேயே போய் மஸ்கட்டுக்குப் பேசினார். அந்தப் பூத்தின் கதவு என்றைக்கும் சரியாக மூடாது.

"கேமராவ நான்தான் லேட்டா ஆன் பண்ணினேன். கல்லறையில எடுத்தது மட்டும் உண்டு. முன்னாடி பழைய சினிமா கெடக்கும், அத ஓட்டி விட்டுட்டுப் பாருங்க."

வெளியே வந்தவரிடம், ஏன் அக்கா, நான்தான் அழித்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். வீட்டுக்காரர் கோவக்காரர், அங்கே எட்டுப் பேர் படுக்கிற ரூமில் கோவத்தை வைத்துக்கொண்டு எப்படி உறங்குவார் என்றார். அவ்வளவுதான் பேசினார்.

4. வில்சன் அண்ணன்

ஒன்றரை வருஷம் கழித்து வில்சன் லீவில் வந்தார். கடைக்கு வந்து, பையிலிருந்து அதே கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்கள் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

"மக்கா, உங்க மெஷின்ல ஒவ்வொரு ஃபிரேமா நிறுத்திப் பாக்க முடியுமா?"

முடியும், எந்த இடத்தை என்றேன்.

"முன்னாடி சினிமா வருதுல்லா, அதுலதான். ஓட்டி விட்டுப் பாக்கச் சொன்னா அவ. எனக்கு மனசு வரல்ல. கேமரா ஆனாகி ஆஃப் ஆகியிருந்தா, இடையில ஒரு செகண்டாவது அப்பா வந்திருப்பாரே. அதான் எப்பவும் முதல்லேருந்தே பாப்பேன். அந்த வெல்டர் பேசுறது முழுக்க எனக்கு மனப்பாடமாக்கும்."

பாறசாலையில் ஒருத்தரும் பார்க்காத அந்த முப்பத்துமூன்று நிமிடத்தை இந்த மனுஷன் ஒன்றரை வருஷம் பார்த்திருக்கிறார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. நான்தான் அழித்தேன் அண்ணா, அக்கா சொன்னது பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்தது, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்து ஸ்டூலை இழுத்து என்னெதிரே உட்கார்ந்தார்.

"அப்போ நீ கண்டிருப்பியே. அவகிட்ட கேட்டா அழுவா. நீ சொல்லு, அப்பாக்க மொகம் எப்பிடி இருந்துச்சு?"

நான் அதை வேகமாக ஓட்டி விட்டுத்தான் பார்த்தேன்.

அப்படியே சொன்னேன். அவர் கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவரை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

இப்போது நான் காட்டாக்கடையில் பழைய கேசட்டுகளை டிஸ்குக்கும் பென்டிரைவுக்கும் மாற்றிக் கொடுக்கிற ஸ்டுடியோவில் இருக்கிறேன். கூட வேலை செய்கிற பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: அடுத்தவர் பொருளை அழிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் நடந்து போய்க் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் முழுசாக உட்கார்ந்து, அது ஓடுகிற வேகத்திலேயே பாருங்கள். பிறகு ஒருநாள் யாராவது வந்து கேட்டால், கண்டேன் என்றாவது சொல்லலாம்.