சிவப்புப் புழுவும் என் கப்பிகளும்

மீன் வளர்க்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. பிடிவாதம் உண்டு. அம்பிட்டியில் எங்கள் வீட்டின் பின்புறச் சரிவை வெட்டிக் கட்டிய சீமெந்துத் தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கிறேன். கறுத்த உடம்பு, இரத்தச் சிவப்பில் வால். இந்த நிறம் கடையில் வாங்கியதல்ல. கண்டியில் கந்தோர் வேலை முடித்து, பஸ்ஸில் நசுங்கி வந்து, உடுப்பு மாற்றுமுன்னரே தொட்டியடியில் குந்தியிருந்து, நல்ல குஞ்சைப் பிரித்து, மங்கலை ஒதுக்கி, வருடக்கணக்காக நானே எடுத்த நிறம்.

நிறம் கெடாமல் இருக்கவேண்டுமென்றால் மங்கல் குஞ்சும் நோஞ்சான் மீனும் வம்சத்தில் கலக்கக்கூடாது. ஒதுக்கியதை ஒரு சட்டியில் போட்டுவைப்பேன். அவற்றைக் கொன்று வாழையடியில் புதைப்பது என் கணவரின் பங்கு. அவர் சுத்த சைவம், யாழ்ப்பாணத்தில் முட்டை வாசமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர். ஆனாலும் மறுப்புச் சொன்னதில்லை. "ஓம், நீர் வையும், நான் பாக்கிறன்" என்பார்.

ஒருநாள் காலை ஒரு தாய்க் கப்பியின் கழிவுத் துவாரத்தில் சிவப்பாக ஏதோ தொங்கியது. எச்சம் என்றுதான் நினைத்தேன். குனிந்தேன். என் நிழல் பட்டதும் அது தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. எனக்கு மேல் கூசிவிட்டது. ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போனேன். பாதிக்கு மேற்பட்ட தாய் மீன்களிடம் அந்தச் சிவப்பு நூல் இருந்தது. குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிற புழு.

வெளிநாட்டுக்கு மீன் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்காக எங்களிடம் மீன் எடுக்கிற தம்பி புசல்லாவைக்காரர். தொட்டியை ஒருமுறை பார்த்தார், கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இத எடுத்துட்டுப் போனா அங்க உள்ள மீனுக்கும் தொத்திக்கும். எல்லாத்தையும் அழிச்சிட்டு, தொட்டியக் காயவச்சு, புதுசா வாங்கி விடுங்க."

"இந்த நிறத்தை எங்க தம்பி வாங்கிறது?"

தம்பி வலையைச் சுருட்டிக்கொண்டு வெறுங்கையோடு போய்விட்டார். என் கணவரும் "வேற நிறம் வளக்கேலாதோ?" என்று மெல்லக் கேட்டார். அன்றைக்கு அவருக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை.

லீவு போட்டுவிட்டுக் கண்டியில் ஒரு மிருக வைத்தியரிடம் போனேன். சோடாப் போத்தலில் ஒரு நோயாளி மீனையும் கொண்டுபோனேன். அந்த மிருக வைத்தியர் முஸ்லிம் பெண். என் முறை வந்ததும் என் காலடியில் நாயைத் தேடினார். போத்தலை மேசையில் வைத்தேன்.

"இதென்ன மிஸ், நோயாளியப் போத்தல்ல கொண்டு வந்தீக்கிறீங்க?" என்று சிரித்தவர், போத்தலை வெளிச்சத்தில் பிடித்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் புழு மருந்துதான் இதற்கும் என்றார். தொட்டித் தண்ணீரின் அளவு கேட்டு, கணக்குப் போட்டு, மருந்தைத் தந்தார்.

மருந்து கலந்த மறுநாள் தொட்டிக்குள்ளே அடியில் சிவப்பு நூல்கள் கிடந்தன. குழாய் போட்டு அடித்தண்ணீரை உறிஞ்சி எடுத்துக் கொதிநீர் ஊற்றினேன். அவை சாவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொன்ன இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் மருந்து போட்டேன். மீன்கள் தெளிந்தன, குஞ்சு போட்டன.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்து வந்தபோது மறுபடி சிவப்பு நூல். பட்ட காலிலே படும் என்பது இதுதான். தொட்டியடியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வைத்தியருக்குப் போன் எடுத்தேன்.

"மீனுக்கு என்ன தீன் போடுறீங்க?" என்றார்.

"உயிர்த்தீன்தான் டொக்டர். கீழ வயல் வாய்க்காலில சீலை வலை போட்டுத் தெள்ளு, அந்தப் பொடித் தண்ணிப்பூச்சி, அள்ளுறனான்."

"அதான் பாருங்க. புழு போடுற குஞ்சைத் தண்ணித் தெள்ளு தின்னும். தெள்ளை மீன் தின்னும். மீன்ட குடல்ல அது பெருத்து, திரும்பவும் தண்ணில குஞ்சு போடும். தொட்டில கொல்லுறீங்க, வாய்க்கால்ல இருந்து திரும்பக் கொண்டு வாறீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா வாய்க்காலுக்கு அது எங்கால வந்திச்சு? அங்க நோயுள்ள மீன் ஈக்கணுமே" என்றார்.

போனை வைத்துவிட்டு வாய்க்காலுக்கு இறங்கினேன். புல்லை விலக்கியதும் கண்டேன். கறுத்த உடம்பு, சிவந்த வால். சில மங்கல், சில என் தொட்டியில் இருப்பதைவிட அழகு. என் மீன்கள். வயிறு ஒட்டி, பின்னால் அந்த நூல் தொங்க, தண்ணீரை எதிர்த்து நிற்க முடியாமல் நின்றன.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கணவர் கதிரையை விட்டு எழும்பவில்லை, மறைக்கவும் இல்லை.

"விரதம் பிடிக்கிற கையாலை அதை எப்பிடியப்பா கொல்லுறது? ஓடுற தண்ணியிலை விட்டால் தன்ரை பாட்டிலை பிழைச்சுக்கொள்ளும் எண்டு நினைச்சன்."

"பிழைச்சது மீன் இல்லை, புழு!"

பாவம் பார்க்கப் போய்ப் பழி வந்து சேர்ந்திருந்தது. நான் ஒதுக்கிய நோஞ்சான்களெல்லாம் புழுவோடு வாய்க்காலுக்குப் போயிருக்கின்றன. அதே வாய்க்காலிலிருந்து அதே புழுவைத் தெள்ளோடு அள்ளி, நானே கொண்டுவந்து ஊட்டியிருக்கிறேன். கீழே இன்னும் சில வீடுகளில் மீன் வளர்க்கிறார்கள். அவர்களும் அங்கேதான் தீன் அள்ளுகிறார்கள்.

தொட்டிகளுக்கு மறுபடி மருந்து போட்டேன். வாய்க்கால் தீனை நிறுத்தி, முட்டை மஞ்சட்கருவை அவித்துக் கரைத்துப் போட்டேன். சனிக்கிழமை விடிந்ததும் வலையோடு வாய்க்காலில் இறங்கினேன். மழை பலத்தால் எல்லாம் இன்னும் கீழே போய்விடும். அதற்கு முன் முடிக்கவேண்டும். முந்திய நாட்களில் சிலதைப் பிடித்து மருந்து கொடுத்துப் பார்த்திருந்தேன். புழு விழுந்தது, ஆனால் குடல் புண்ணான மீன் தேறவில்லை. மற்றவற்றைத் துடிக்கவிடாமல் முடிக்கக் கராம்பு எண்ணெய் போதும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். முதலில் மயங்கும், பிறகு மூச்சு நிற்கும்.

வாளி நிறைந்ததும் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் இறங்கி வந்தார். காலையில் பூசிய திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது.

"இஞ்சை தாரும்."

"நீங்கள் வீட்டை போங்கோ. நான் செய்யிறன்."

"நான் விட்டதுகள். நான்தான் செய்யவேணும்."

போத்தலை என் கையிலிருந்து வாங்கினார். ஊற்றினார். மீன்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அவர் முகத்தைத் திருப்பவில்லை. கடைசி வால் அசைவு நிற்கும்வரை வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரவேண்டும் போல இருந்தது.

புல்லடியில் இன்னும் சிவந்த வால்கள் தெரிந்தன. வலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் வாளியைக் கழுவிக்கொண்டு பின்னால் வந்தார்.