எனக்குப் பின்னால் யாருமில்லை

அவரை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். சேட்டைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அதிசயம். ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷமாகப் பழுது பார்க்கும் வேலை. புதன்கிழமை சாயங்காலங்களில் நீச்சல்குளத்துக்குப் பின்னால் கூடி, மலைச் சைக்கிளில் காட்டுப் பாதை ஏறி இறங்கும் சங்கத்தில், வரிசைக்கு வாலாகக் கடைசியில் வருவது அவர் பொறுப்பு. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

சங்கத்தை நடத்தியவர் பேக்கரிக்காரர். முதல் ஆளாகப் போவது அவர். "நான் தலை, இவன் வாலு. நடுவுல இருக்கறதெல்லாம் வெறும் வயிறு" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். வாலு வேகமாக ஓட்டுகிறவரில்லை. ஆனால் அறுந்த செயினை ஐந்து நிமிஷத்தில் கோத்துவிடுவார், திணறுகிறவர்களை அவசரப்படுத்த மாட்டார். அந்த வேலைக்கு அது போதும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் நிற்பார்கள். கடைசியாக அவர் வந்து சேர்ந்து, தலைகளை எண்ணி, "சரி, போலாம்" என்ற பிறகுதான் வண்டிகள் நகரும். ஒன்பது வருஷத்தில் ஒருவரைக்கூட அவர் விட்டுவிட்டு வந்ததில்லை.

பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் மசகெண்ணெய் வாடையில், கம்பி வடங்களுக்கு நடுவே நிற்கிற மனிதருக்கு அந்தப் புதன்கிழமைகள்தான் மூச்சு. வீட்டில் மனைவி, சலவை நிலையத்தில் வேலை. மகள் கல்யாணமாகி வெளியூரில். புதன்கிழமை மட்டும் மனைவி நாலு மணிக்கே போன் செய்து, "சீக்கிரம் வந்து சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க, வெறும் வயித்தோட மலை ஏறாதீங்க" என்பாள்.

கண்ணில் கோளாறு எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. சாயங்கால வெளிச்சத்தில் மேஜை மேல் டம்ளர் இருக்கும், கை தட்டிவிடும். லிஃப்ட் குழியில் பக்கத்தில் வைத்த திருப்புளியைத் தேடித் துழாவுவார். கண் டாக்டர் இரண்டு நாள் சோதனை செய்துவிட்டு உட்காரவைத்துச் சொன்னார். விழித்திரை தேய்கிறது. முதலில் மங்கலில் பார்வை போகும், அப்புறம் பக்கவாட்டில் சுருங்கும், கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும். மருந்து கிடையாது. இருட்டில் வண்டி ஓட்டக் கூடாது. வேலையைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள்.

"கண்ணாடி மாத்தணுமாம்."

ஒரே ஒரு பொய். அதை அவர் இரண்டு வருஷம் காப்பாற்றினார். கடையில் இருந்ததிலேயே பெரிய விளக்காகப் பார்த்து ஒன்றை ஹேண்டில்பாரிலும் இன்னொன்றை ஹெல்மெட்டிலும் மாட்டினார். வெளிச்சம் விழுந்த இடம் பட்டப்பகலாகத் தெரிந்தது. அதற்கு வெளியே ஒன்றுமே இல்லை. பாதையோ அவருக்கு மனப்பாடம்; எந்த வளைவில் எந்த வேர் துருத்தும் என்பதுவரை தெரியும். எண்ணுவதுதான் கஷ்டமாகிவிட்டது. பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் இவர் பக்கம் திரும்பி நிற்கும்போது அத்தனை விளக்கும் கண்ணைக் குத்தும், எல்லாம் ஒரே வெள்ளையாகக் கலங்கும். அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்: நான் கடைசி ஆள், வழியில் யாரையும் நான் தாண்டி வரவில்லை, அப்படியென்றால் எல்லோரும் முன்னால்தான் இருக்க வேண்டும். ஒரு வருஷம் இந்தக் கணக்கு பிசகவே இல்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அந்த மாதம்தான் சேர்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுகூடப் பேச்சு நிற்காது.

"அண்ணா, நீங்க எனக்காகத்தான் மெதுவா வர்றீங்களா, இல்ல உங்க வேகமே இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்பாடா! நான்கூட உங்களுக்குப் பாரமா இருக்கேனோன்னு நெனச்சேன்."

அன்று அவளுக்கு மூன்றாவது பயணம். மதியம் பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்தது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோதே வெளிச்சம் மங்கிவிட்டது, தூறலும் பிடித்துக்கொண்டது. "நனையறதுக்குள்ள எறங்கிடுவோம்" என்று பேக்கரிக்காரர் முன்னால் பாய்ந்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசிக்கு முந்தி அவள். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் புதியவர்களுக்குப் பதற்றமாக இருக்கும் என்று வாலு எப்போதும் போல ஐம்பது அடி இடைவெளி விட்டார். அவள் விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது. ஈர வேர்களில் சக்கரம் வழுக்கும் என்று தெரிந்து இவர் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கண்ணை நேராக நட்டு, மெல்ல வளைவைக் கடந்தார். அதற்கப்புறம் பாதை முழுக்க அவருக்கு முன்னால் காலியாகத்தான் இருந்தது.

அடிவாரத்துச் சரளை மேட்டில் விளக்குகள் மொய்த்துக்கொண்டிருந்தன. தூறல் மழையாகியிருந்தது.

"வாலு, எல்லாரும் வந்தாச்சா?"

"எனக்குப் பின்னால யாருமில்ல."

"அப்ப கெளம்புங்கப்பா!"

பத்து நிமிஷத்தில் கார் நிறுத்துமிடம் காலியாகிவிட்டது. வாலு நீச்சல்குளக் கூரைக்குக் கீழே நின்று செயினைத் துடைத்தார். மழை குறைந்ததும் நிமிர்ந்து பார்த்தார். விளக்குக் கம்பத்தடியில் ஒரு சின்னக் கார் நின்றது. மருந்துக்கடைப் பெண்ணின் கார். கைகால் கழுவப் போயிருப்பாள் என்று நினைத்தார். கழுவுமிடத்துக் கதவு பூட்டிக் கிடந்தது. அவளுக்குப் போன் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. உடனே பேக்கரிக்காரரைக் கூப்பிட்டார்.

பேக்கரிக்காரர் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். இரண்டு பேரும் நடந்தே ஏறினார்கள். வளைவுக்குக் கீழே நின்று பேக்கரிக்காரர் கத்திக் கூப்பிட்டதும் எங்கிருந்தோ மெலிதாக ஒரு குரல் கேட்டது.

"அதோ! அங்க இருக்கா பாரு!"

வாலு பார்த்தார். விளக்கை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"எங்க?"

"உனக்கு நேரா கீழ, இடது பக்கம்! எங்கய்யா பாக்கற?"

அவள் பாதையிலிருந்து பத்தடி கூட இல்லை. சரிவில் புதருக்குள் குப்புறக் கிடந்தாள், சைக்கிள் காலின் மேல். விளக்கு நொறுங்கியிருந்தது. கிட்டத்தட்ட அவளை மிதிக்கிற அளவுக்கு நெருங்கிய பிறகுதான் வாலுவுக்குத் தெரிந்தது. பேக்கரிக்காரர் ஒரு கணம் இவர் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

முதுகெலும்பு முறிந்திருந்தது. இனி நடக்க முடியாது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது.

வாலு தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலில் அவளுடைய அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "நீங்க மட்டும் அந்தக் காரைக் கவனிக்கலைன்னா என் பொண்ணு ராத்திரி முழுக்க அங்கயே கெடந்திருப்பா. தெய்வம் மாதிரி வந்தீங்க." வார்த்தை வாய் வரை வரும், அவர் மென்று முழுங்கிவிடுவார். சங்கத்தில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. இருட்டு, மழை, யாராயிருந்தாலும் தெரிந்திருக்காது என்றார்கள். யாராவது ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்க மாட்டாரா என்று இருந்தது அவருக்கு.

மூன்றாவது வாரம், அம்மா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவளே பேச்செடுத்தாள். கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது.

"உங்க லைட்டப் பாத்தேன்ணா. வளைவுல திரும்பும்போது நேரா என் மூஞ்சில அடிச்சுது. கூப்பிடப் பாத்தேன், மூச்சே வரல. ஆனா நீங்க என்னைப் பாத்துட்டீங்கன்னு நெனச்சேன். ஆள் கூட்டிட்டு வரத்தான் போறீங்கன்னு."

அவளே தொடர்ந்தாள்.

"ரொம்ப நேரமாச்சு. பையில போன் அடிக்குது, கை எட்டல. அதுக்காகத்தான் பொரண்டு பாத்தேன். பொரண்டப்போ உள்ள என்னமோ ஆச்சு. அதுவரைக்கும் காலு கொஞ்சம் மரத்த மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

"டாக்டர் அதப்பத்தி..."

"கேட்டேன். விழுந்தப்பவே போயிருக்கலாம், பொரண்டதுல போயிருக்கலாம், சொல்ல முடியாதுங்கறார்."

அந்தப் போனைப் போட்டது இவர்தான். இதற்கு மேல் சும்மா இருக்க முடியாது என்று தோன்றியது. கண்ணைப் பற்றிச் சொன்னார். டாக்டர் சொன்னது, பெரிய விளக்கு வாங்கியது, எண்ணாமல் விட்டது, எல்லாம். பூசி மெழுகாமல், அவருக்கு வந்த அளவில் சொன்னார்.

அவள் முதன்முறையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப நான் சேந்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்குப் பின்னால நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான்ணா நான் எறங்கினேன்."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். "வேணாம். போயிடுங்க. இனிமே வராதீங்க" என்றாள். குரல் உயரவில்லை. அவர் எழுந்து கதவு வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டு போனார்.

அன்றைக்கே மனைவியிடமும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்ணு போறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல. சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? காலை ஒடச்சாவது வீட்ல உக்கார வெச்சிருப்பேன்." சொன்ன பிறகுதான் தன் வார்த்தை அவள் காதில் விழுந்தது. துணிகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் பல நாள் சாப்பாடு வைப்பாள், எடுப்பாள், பேச மாட்டாள்.

கம்பெனியில் அவரைக் குழிக்குள் இறக்குவதை நிறுத்தி உதிரிபாக அறைக்கு மாற்றினார்கள். மதியம் வரை ஜன்னல் வெளிச்சத்தில் போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துப் போடுவார். மதியத்துக்கு மேல் அதுவும் சிரமம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பேக்கரிக்காரர் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி இவர்தான் தகவல் அனுப்பியிருந்தார். டீயைக் குடித்து முடித்தும் பேக்கரிக்காரர் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும், வாலு. அதோ இருக்காங்கறேன், நீ எங்கயோ பாக்கற. அப்பவே புரிஞ்சுடுச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நான் என்னைக் கேட்டுக்க வேண்டியிருக்கும். எறங்கினதும் நானும் எண்ணல. மழை வருதேன்னு உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஓடினேன். ஒன்பது வருஷமா நீ எண்ணிட்டேன்னு சொல்லுவ, நான் கெளம்புவேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "உங்கிட்ட சொன்னா கொஞ்சம் கொறையும்னு வந்தேன்."

"கொறஞ்சுதா?"

"இல்ல."

வாலுவுக்கும் குறையவில்லை. இன்னொருவர் பங்கு போட்டுக்கொள்ள வந்ததில் அவருடைய பங்கு இம்மி கூட நகரவில்லை. பேக்கரிக்காரர் சங்கத்தைக் கலைத்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனீர்களா என்று கேட்க இவருக்கு நாக்கு எழவில்லை, அவரும் சொல்லவில்லை.

இருவருமாகச் சைக்கிளை வெளியே உருட்டி வந்து வேனில் ஏற்றினார்கள். படி எங்கே முடிகிறது என்று வாலுவுக்குத் தெரியவில்லை. காலால் துழாவுவதை உள்ளிருந்து பார்த்த மனைவி வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வேன் கிளம்பிப் போன பிறகும் கையை எடுக்கவில்லை. ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். "சாப்பாடு ஆறுது" என்று மட்டும் சொல்லி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.